உப்பளத்துக்கா படித்த புத்தகம்

மரக்காணத்தில், தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பேன், விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பேன். காலையில் கூட்டம் மொத்தமாக வந்து மொத்தமாகப் போய்விடும். மத்தியானத்தில் ஆள் வராது. அப்போது படிப்பேன். மெஷினுக்குப் பின்னால் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே எப்போதும் ஒரு புத்தகம் குப்புறக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்பார்கள். நாற்பத்து மூன்று வயதில் எந்தப் பரீட்சை?

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?" வானூரில் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியை. நிலப் பத்திரம் நகல் எடுக்க வந்தவர், ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போனார். அப்படித்தான் எங்கள் வாட்ஸப் குழு ஆரம்பித்தது. பெயர் ‘படிச்சிட்டிருக்கேன்’. டீச்சரும் நானும், அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு நர்ஸ், ஆரோவில்லில் மர வேலை செய்யும் ஒரு தச்சர், இன்னும் இரண்டு பேர்.

குழுவுக்கு ஒரே விதி. படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. கையில் இப்போது என்ன இருக்கிறது, எந்தப் பக்கம், என்ன நடக்கிறது, அவ்வளவுதான். "முடிச்ச புக்கப் பத்தி யார் வேணும்னாலும் மேதாவி மாதிரி பேசலாம். பாதில இருக்கிறப்பதான் மனுஷன் உண்மையச் சொல்லுவான்" என்பது டீச்சரின் கட்சி.

ஏழாவதாக ஒருவரைச் சேர்த்தது நர்ஸ். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில், அட்டை இல்லாத தடிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாராம். உப்பளத்தில் வேலை. கால் விரல்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தனவாம். நர்ஸ் பக்கத்தில் போய் என்ன புத்தகம் என்று விசாரித்து, நம்பரை வாங்கி, அங்கேயே குழுவில் சேர்த்துவிட்டார். உப்பளத்து அக்கா என்பதைச் சுருக்கி, நாங்கள் அவரை உப்பளத்துக்கா என்று கூப்பிட்டோம்.

உப்பளத்துக்காவால் போனில் எழுத முடியாது. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேங்க, எழுத்தெல்லாம் தெரியும். உப்புத் தண்ணில வெரலு வெடிச்சுக் கெடக்குது. போனு என் வெரல ஏத்துக்க மாட்டேங்குது" என்று முதல் நாளே சொன்னார். அதனால் குரல் பதிவுதான். தினமும் சாயங்காலம் நாலு மணிவாக்கில் வரும். பின்னால் காற்று இரைந்துகொண்டிருக்கும். முதலில் பக்க எண்ணைச் சொல்வார். பிறகு கதை.

புத்தகத்தின் பெயர் என்ன என்று தச்சர் கேட்டார். "பழைய பேப்பர் கடைல எடுத்ததுங்க. அட்டை கெடையாது. முன்னாடி பதினாறு பக்கம் கிழிஞ்சிருக்குது. பேரு தெரியல, எழுதுனது யாருன்னும் தெரியல." அப்படியானால் பதினேழாம் பக்கத்திலிருந்து சொல்லுங்கள் என்றோம்.

அந்தக் கதையில் ஒரு பெண். அவளும் உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாள் விடியற்காலையில் பாத்தியில் இறங்கும்போது, தண்ணீருக்கு அடியில், படிந்திருக்கும் உப்பின் மேல் காலடித் தடங்களைப் பார்க்கிறாள். தடம் பாத்தியின் நட்ட நடுவில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து வரப்பை நோக்கி நாலு எட்டு வந்து நின்றுவிடுகிறது. நடுவுக்குப் போன தடம் எதுவும் இல்லை. உப்பு வாரும் பலகையால் அதை இழுத்து அழித்துவிட்டு வேலையைப் பார்க்கிறாள். மறுநாள் தடம் திரும்ப இருக்கிறது. இந்த முறை வரப்பு வரைக்கும் வந்திருக்கிறது.

உப்பளத்துக்கா இதை அவசரமே இல்லாமல் சொல்வார். இன்று முப்பத்திரண்டாம் பக்கம், தடம் வரப்பில் ஏறிவிட்டது. இன்று ஐம்பதாம் பக்கம், மோட்டார் கொட்டகை தாண்டிவிட்டது. ஒரு நாள் அந்தப் பெண் பயத்தை அடக்கிக்கொண்டு தன் காலை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்க்கிறாள். சரியாகப் பொருந்துகிறது. சுண்டு விரல் சற்று விலகியிருப்பது உட்பட. "அவ காலேதாங்க" என்று உப்பளத்துக்கா சொல்லி நிறுத்தியபோது, கடையில் தனியாக இருந்த நான் என் செருப்பிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

மற்ற ஆறு பேரும் கையில் வைத்திருந்த புத்தகங்கள் அந்த வாரங்களில் நகரவே இல்லை. நாலு மணிக்காகக் காத்திருந்தோம். டீச்சர் மட்டும், "எழுதினவன் பெரிய கை. யாருன்னு தெரியாம செத்துடக் கூடாது நான்" என்று எழுதினார். அக்கா அதற்கு ஒரு சிரிப்புச் சத்தத்தை அனுப்பினார்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் தடம் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. "இன்னைக்கு வாசப்படி வரைக்கும் வந்துடுச்சுங்க. ரெண்டு காலும் சேத்து வச்சு நிக்குது. மீதி நாளைக்கு" என்றார்.

மறுநாள் பதிவு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. உப்பு எடுக்க நல்ல காலம், வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

நாலாவது நாள் பதிவு வந்தது. சாயங்காலம் இல்லை, மத்தியானம் ஒரு மணிக்கு. அமுக்கிக் கேட்டேன். காற்று. தகரம் ஒன்று எங்கோ ஆடி ஆடி இடிக்கும் சத்தம். அப்புறம், மிகப் பக்கத்தில், மூச்சு விடும் சத்தம். யாரோ வாயை போனுக்கு அருகில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். நாற்பது விநாடி. முடிந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணும் கேக்கல" என்று எழுதினேன். "சிக்னல் சரியில்லை போல" என்று தச்சர் எழுதினார்.

அடுத்த நாள் அதே நேரத்தில் இன்னொன்று. ஒன்றரை நிமிடம். அதே காற்று, அதே தகரம், அதே மூச்சு. நடுவில் ஒரு இடத்தில், காகிதம் புரளுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது நாள் இரண்டு பதிவுகள். நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். அக்கா நல்லா இருக்கீங்களா, அக்கா எதாச்சும் சொல்லுங்க, அக்கா பயமா இருக்கு. கூப்பிட்டும் பார்த்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் சொல்லாமல் வெளியேறிவிட்டார். நான் கடையில் மத்தியானம் தனியாக இருப்பதைத் தவிர்க்க ஆரம்பித்தேன். பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஈரக் காலடி ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர்களுடையது. தெரிந்தும், அது காய்கிற வரைக்கும் நான் ஷட்டரைத் தூக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அண்ணன் மனைவி இறந்துபோய்விட்டதாகவும், இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, முகவரி. இறந்த தேதியைச் சொன்னார். ஒன்பது நாள் ஆகியிருந்தது. இறந்த இடம் என்று கேட்டதற்கு, "உப்பளத்துலதாங்க. காலைல வாரிட்டிருந்தவ, தல சுத்துதுன்னு வரப்புல உக்காந்தா. அப்புடியே படுத்துட்டா" என்றார்.

இந்தப் பகுதியில் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் எத்தனையோ பேர். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் பர்ஸிலிருந்து எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி நாலு எண்ணை எழுதும்போது பேனா நின்றது. நான் பல தடவை கூப்பிட்டுப் பார்த்த எண்.

"இது... யாரோட நம்பரு?"

"செத்துப்போனவளுதுதாங்க. எங்களுக்கு வேற போனு இல்ல."

"அந்த போன் இப்ப எங்க இருக்குது?"

"அதான் காணோம். அன்னையிலேர்ந்து தேடறோம். யாரு எடுத்தாங்கன்னே தெரியல."

ஒன்பது நாள். நான் விரல் விட்டு எண்ணினேன். முதல் மூச்சுப் பதிவு வந்தது அவர் இறந்து மூன்றாம் நாள்.

"அவங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குமா?"

"எங்கண்ணனா? அது போனத் தொட்டதே இல்லைங்க. யாராச்சும் கூப்புட்டாக்கூட எடுக்கத் தெரியாது. வாயத் தொறக்காம உப்பளத்துலயே போயி உக்காந்துட்டிருக்குது. இன்னும் காரியம்கூட முடியல."

அவர் பையிலிருந்து இன்னும் சில காகிதங்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதெல்லாம் அவ பெட்டில இருந்துச்சு. எது வேணும்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது." ரேஷன் அட்டை, ஆதார். அதற்கு அடியில் நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. பொங்கலுக்கு முன்னால் போட்ட தேதி. இதயம் பலவீனமாக இருப்பதாகவும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும், கடினமான வேலை கூடாது என்றும் டாக்டர் எழுதியிருந்தார். அவர் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தச் சீட்டை நான் கையில் வைத்திருந்தபோது என் போன் அதிர்ந்தது. மணி ஒன்று. உப்பளத்துக்கா என்ற பெயருக்குக் கீழே புதிய குரல் பதிவு.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மறைக்க மனம் வரவில்லை. அமுக்கினேன். காற்று இரைந்தது. தகரம் இடித்தது. மூச்சு. அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் மெல்ல எழுந்து நின்றுவிட்டார்.

"இது எங்க மூணாவது மோட்டார் கொட்டாயிங்க. அந்தத் தகரம் பேந்து தொங்குது, அதான் அடிக்குது. அங்கதான் மத்தியானத்துல அவ..." அவர் காகிதங்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நர்ஸுக்கு மட்டும் போன் செய்து சொன்னேன். அவர், "அன்னைக்கு வரிசைல பாத்தேனே, எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்ல. என்ன புக்குன்னுதான் கேட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதென்று முடிவு செய்தோம்.

அவருடைய ஸ்கூட்டியில் போனோம். ஈசிஆர் சாலையிலிருந்து இறங்கி மண் பாதையில் கொஞ்ச தூரம். வேலையாட்கள் விடியற்காலையில் வந்து பத்து மணிக்குள் போய்விடுவார்கள். பன்னிரண்டரைக்கு அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணுக்கு எட்டின வரை வெள்ளை. நிழல் என்பதே இல்லை. நம் நிழல்கூடக் காலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தால் தூரம் எது பக்கம் எது என்று தெரியாது. கொட்டகை கையெட்டும் தூரத்தில் இருப்பது போலவும் இருந்தது, போய்ச் சேரவே முடியாது போலவும் இருந்தது.

பாதை முடிந்த இடத்தில் நர்ஸ் வண்டியை நிறுத்தினார். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்." தினமும் சாவைப் பார்க்கிறவர் அவர். அவரே நின்றுவிட்டதைப் பார்த்து எனக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கால் வரப்பில் இறங்கிவிட்டது.

நடக்கும்போது நான் பாத்திகளைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாதென்று வரப்பின் மேலேயே கண்ணை வைத்திருந்தேன். வரப்பில் காலடிகள் இருந்தன. இருக்கத்தானே செய்யும், இத்தனை பேர் வெறுங்காலோடு நடக்கிற இடம். எதன் மேலும் மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.

முதலில் தகரத்தின் சத்தம் கேட்டது. போனில் கேட்ட அதே சத்தம். பிறகு கொட்டகையின் அந்தப் பக்கத்தில் ஒரு முதுகு தெரிந்தது. தலையில் துண்டு போட்ட ஒரு ஆள் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் எதையோ வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். பேசவில்லை. அசையவில்லை. நானும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் கட்டை விரலை எடுத்தார். என் கைப்பைக்குள் போன் ‘டிங்’ என்றது.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரும்மா?"

"நான்... அந்த போன்ல இருக்கிறவங்கள்ல ஒருத்தி, அண்ணா. ஜெராக்ஸ் கடைக்காரம்மா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்கள் சிவந்து, இமை ஓரத்தில் வெடித்திருந்தன. அப்புறம் கோபமாகக் கேட்டார். "ஏம்மா, நீங்கள்லாம் பேசவே மாட்டீங்களா? எத்தினி நாளா கூப்புடறேன். புடிச்சிட்டே இருக்கேன், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க."

எனக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று. மனைவி அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவதைப் பார்த்திருக்கிறார். எந்தப் படத்தைத் தொட வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று விரல் போகிற வழியை மனதில் வைத்திருக்கிறார். அமுக்கினால் அந்தப் பக்கம் ஆள் வந்துவிடும், பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் பேசுவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"நாங்க பதில் போட்டோம் அண்ணா. எழுதிப் போட்டோம்."

"எழுதுனீங்களா?" போனைத் திருப்பிப் பார்த்தார். எங்களுடைய வரிகள் அதில் நிறைந்திருந்தன. "அவ இருந்தா படிச்சுச் சொல்லியிருப்பா."

வெட்கமாக இருந்தது. நான் அவருக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"மீதிக் கதைக்குத்தான். மத்தியானம் இங்க உக்காந்து எனக்குப் படிச்சுக் காட்டுவா. அதுக்கப்புறம்தான் சாயங்காலம் உங்களுக்குச் சொல்லுவா. உங்கள்ல யாராச்சும் அந்தப் புக்க வச்சிருப்பீங்க, மீதியப் படிச்சுச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். எந்தங்கச்சிகிட்ட குடுத்தா போன வாங்கி வச்சுக்கும். அதான் மறைச்சு வச்சேன்."

கொட்டகைச் சுவரில் ஆணி ஒன்றில் மஞ்சப்பை தொங்கியது. அதிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டை இல்லை. பதினேழாம் பக்கத்தில் ஆரம்பித்தது. நூற்று நாற்பத்து மூன்றில் ஓரம் மடித்திருந்தது.

"இத நீங்க தெனமும் பிரிச்சுப் பாப்பீங்களா அண்ணா? போன்ல பக்கம் பொரள்ற மாதிரி கேட்டுச்சே."

"இல்லம்மா. அவ மாட்டுனது. இப்பதான் கீழ எடுக்கறேன்."

உப்புக் குவியலின் மேல் கீற்று போட்டிருந்தார்கள். காற்றில் அது சலசலத்தது. அந்தச் சத்தமாக இருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மடித்த பக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். பெரியவன் மில்லுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பியைப் பார்த்து ஏதோ சொல்கிறான். நெல் மூட்டைகளைப் பற்றி இருவரும் வாதாடுகிறார்கள். நாலு வரி போவதற்குள் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இது இல்லம்மா. வேற எங்கியோ படிக்கிற. அந்தப் பொம்பள எங்க?"

ஒரு பக்கம் பின்னால் போனேன். அங்கும் மில். இன்னும் பின்னால். மில், அண்ணன், தம்பி, பாகப் பிரிவினை, வக்கீல். பதினேழாம் பக்கத்துக்கே போனேன். பிறகு வேகமாகக் கடைசி வரை புரட்டினேன். உப்பளம் இல்லை. காலடி இல்லை. அந்தப் பெண் இல்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்த அந்தப் புத்தகத்தில் கடல் என்கிற சொல்கூட என் கண்ணில் படவில்லை. தினமும் பக்க எண்ணைச் சொல்லி, இந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே, அவர் எங்கள் எல்லோருக்கும் இதில் இல்லாத ஒன்றைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"என்னம்மா?"

"அண்ணா, கடைசியா உங்களுக்கு எது வரைக்கும் படிச்சாங்க?"

எங்களுக்குச் சொன்னதைவிட அவருக்கு ஒரு நாள் பங்கு கூடுதலாகக் கிடைத்திருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களிடம் வாசலோடு நிறுத்தியவர், அன்று இரவு வீட்டில் சோறு போடும்போது மீதியைக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். புத்தகத்தைப் பிரிக்கக்கூட இல்லையாம். காலையில் வேலைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டாராம்.

"வாசல்ல நின்ன அடி உள்ள வந்துடுச்சாம். அவ பயந்துக்கலியாம். பாய விரிச்சுப் போட்டு, ‘வந்துட்டியா, உக்காரு’ன்னாளாம். அப்ப புருஷங்காரன் முழிச்சுக்கினு, ‘யாருகிட்டடி பேசற?’ன்னு கேட்டானாம். அதுக்கு அவ என்னா சொன்னான்னு நாளைக்குப் படிக்கிறேன்னா." அவர் புத்தகத்தைக் காட்டினார். "அவ என்னா சொன்னா? அது மட்டும் சொல்லும்மா, போதும்."

தகரம் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பதிலை நான் உண்டாக்கிச் சொல்லியிருக்கலாம். நாலு நல்ல வார்த்தைகள் நாக்கு வரை வந்தன. ஆனால் பொய்யாக ஒரு வார்த்தையை அந்தப் பெண்ணின் வாயில் வைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். இந்தப் புத்தகத்தில் அந்தக் கதை இல்லை அண்ணா, அது அவங்களே சொன்னது.

நம்பவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி, தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "பாத்துப் பாத்துத்தான் படிச்சா. வெரல வச்சுக்கினு படிச்சா. அவ எதுக்கும்மா எங்கிட்ட பொய் சொல்லணும்?"

அப்போது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் முடித்த பிறகு அவர் எழுந்து போய் வரப்பின் மேல் நின்றார். எந்த இடத்தில் நின்றார் என்பது எனக்குப் புரிந்தது. பாத்தித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "பொங்கலுக்கு முன்னாடியேவா?" என்றார். பிறகு, "அப்ப அந்த அடி..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"இதுல என்னாதான் எழுதியிருக்குது? நீ படிச்சியே, மில்லு. அதப் படி."

படித்தேன். நான் திரும்பி வராததால் பயந்துபோன நர்ஸ், கடைசியில் தானே வரப்பில் இறங்கி வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பத்துப் பக்கம் போனதும் என் தொண்டை கட்டியது. நர்ஸ் புத்தகத்தை வாங்கித் தொடர்ந்தார். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சின்னவன் சரியில்ல" என்று ஒரு தடவை சொன்னார்.

கிளம்பும்போது, குரல் பதிவை எப்படித் திறந்து கேட்பது, எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தை வாங்கி வந்து கடையில் ஐந்து நகல் எடுத்தேன். அன்றிலிருந்து குழுவில் ஆளுக்கு ஒரு நாள் என்று பத்துப் பக்கம் படித்து அனுப்பினோம். தச்சர் படித்தால் பின்னால் இழைப்புளிச் சத்தம் கேட்கும். டீச்சர் வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படிப்பார். சொல்லாமல் வெளியேறியவரும் திரும்பி வந்து தன் பங்கைப் படித்தார். அக்காவின் கணவரிடமிருந்து தினமும் ஒரே சொல் வரும். "கேட்டேன்."

அந்த மில் கதையில் அண்ணனும் தம்பியும் கடைசியில் மில்லைப் பிரித்துக்கொண்டு, இரண்டு வாசல் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். கடைசிப் பக்கத்தைப் படித்து அனுப்பும் முறை என்னுடையது. அவர் பதில் அன்று சற்று நீளமாக வந்தது.

"இந்தக் கதைல யாரும் சாவலியாம்மா?"

"இல்ல அண்ணா, யாரும் சாகல" என்று நானும் குரலிலேயே சொன்னேன்.

"சரி. அடுத்தது எதுனா இருந்தா போடுங்க."

மழைக் காலத்தில் உப்பளமெல்லாம் ஏரி மாதிரி நிறைந்துவிட, அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சான்றிதழ் வாங்கப் போகும் வழியில் ஒரு முறை கடைக்கு வந்தார். இருவரும் அந்தக் கதையைப் பற்றிப் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

குழுவில் இப்போது யாரும் எழுதுவதில்லை. எல்லோரும் பேசுகிறோம். தச்சர் புதிதாக ஒரு தடிப் புத்தகம் ஆரம்பித்திருக்கிறார், இருபத்தெட்டாம் பக்கம். நேற்று மத்தியானம் கடையில் ஆள் இல்லை. உப்பளத்துக்கா என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. அந்தப் பெயரை நான் இன்னும் மாற்றவில்லை. அண்ணன்தான், ‘கேட்டேன்’ என்றுதான் சொல்லியிருப்பார் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் போய் வாசலில் வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் அமுக்கினேன்.